ஒட்டி வைத்த இருட்டு

டேவிட்ராஜ் கண்ணாடியின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் அவனுடைய கடை. வண்டி நம்பர் ஸ்டிக்கர், சீட் கவர், ஹெல்மெட் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் இரண்டு மூன்று வருடங்களாக அதிகம் நடப்பது ஹெல்மெட் வைசர் வேலைதான். புது ஹெல்மெட்டோடு வரும் தெளிவான கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வானவில் நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ வேறொன்றை மாட்டித் தரச் சொல்வார்கள். இன்னும் சிலர் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கருப்பு ஃபிலிமையே ஒட்டித் தரச் சொல்வார்கள்.

வளைந்த கண்ணாடியில் ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது எளிதல்ல. ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும். ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஓரத்தை பிளேடால் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் டேவிட்ராஜ் அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். ஒரு குமிழ்கூட இல்லையென்றால் அவனுக்குத் திருப்தி. கடை போட்ட பதினொரு வருடத்தில், தான் ஒட்டிய ஒன்றைக்கூடத் தலையில் மாட்டிக்கொண்டு அவன் சாலையைப் பார்த்ததில்லை.

"இது போட்டா இருட்டுல தெரியுமாண்ணா?" என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள்.

"இருட்டுல தூக்கி வுட்டுக்கப்பா. பகல்ல வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்" என்பான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அன்று காலை சின்னராஜ் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியை வாங்கி விற்கும் தரகர். டேவிட்ராஜின் பங்குத் தேவாலயம்தான் அவருக்கும். கையில் டீ கிளாஸோடு வந்தால் டீ ஆறும்வரை பேசிவிட்டுத்தான் போவார்.

"டேவிட்டு, நேத்து உங்க வூட்டம்மாவ மலையடிவாரத்து டீக்கடைகிட்ட பாத்தேன்."

"அவ வேலைக்குப் போற லைன்தான் அது."

"லைன்தான், யாரு இல்லேன்னா? நாலஞ்சு ஆம்பளைங்க சுத்தி நிக்கறானுங்க. நடுவுல இது வண்டிய நிறுத்திட்டுச் சிரிக்குது பாரு, யாரோ சினிமா நடிகைதான் வந்துட்டாங்களோன்னு நானே எட்டிப் பாத்தேன்."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டேவிட்ராஜும் சிரித்தான். சிரிக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு அது. அவர்கள் போன பிறகும் வெகுநேரம் அவன் முகத்தில் அது வேண்டாத ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி சகாயராணிக்கு வீடு வீடாகப் போய் சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் மாத்திரை கொடுக்கும் வேலை. சித்தேரி மலையடிவாரத்தில் பதினாறு ஊர்கள். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மாத்திரைப் பை, தோளில் ரத்த அழுத்தக் கருவி. அவள் பெயர் பலருக்குத் தெரியாது. 'மாத்தரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடை முன்னால் அன்று நின்றிருந்த நான்கு பேரும் சர்க்கரை நோயாளிகள். அதில் ஒருவர், மருமகள் வளைகாப்புக்கு மட்டும் இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "சர்க்கரைக்கும் பத்திரிக வெச்சிட்டீங்களா?" என்று சகாயராணி கேட்டாள். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

இதை டேவிட்ராஜ் அவளிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கேட்பதே சந்தேகப்படுவதாகிவிடும் என்று நினைத்தான். கேட்காமல் இருப்பதால் சந்தேகம் போய்விடும் என்றும் நினைத்தான். அது போகவில்லை.

மறுநாள் காலை, அவளுடைய ஹெல்மெட்டின் பூட்டு சரியில்லை என்று சொல்லி அதைக் கடைக்கு எடுத்துப் போனான். கடையில் இருந்ததிலேயே அடர்த்தியான ஃபிலிமை எடுத்தான். யாருக்கும் செய்யாத அளவு பொறுமையாக ஒட்டினான். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். குமிழ் இல்லை. அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

சகாயராணி ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"வெயிலுக்கு."

"ஐப்பசி மாசத்துல என்னாங்க வெயிலு?"

அவன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினான். இருவருக்கும் நடுவில் அந்தக் கருப்புக் கண்ணாடி சிறிது நேரம் இருந்தது. பிறகு அவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள். பத்து வருடமாகப் பார்த்துப் பழகிய முகம் அந்தக் கணத்தில் காணாமல் போனது. டேவிட்ராஜுக்கு மனதில் ஏதோ இறங்கியது போலிருந்தது. அதை அவன் நிம்மதி என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை போன் செய்யத் தொடங்கினான். "எங்க இருக்க?" என்று மட்டும் கேட்பான். அவள் ஊர்ப் பெயரைச் சொல்வாள். போன் நின்றுவிடும்.

ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"நேத்து கண்ணாடியத் தூக்கி வுட்டுட்டுப் போனியாம்."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"அஞ்சு மணிக்கு மேல அதுக்குள்ள ஒண்ணும் தெரியலீங்க. நாய் குறுக்க வந்தாக்கூட கிட்ட வந்தப்பறம்தான் தெரியுது."

"மெதுவாப் போ."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்லாமல் குழம்பை ஊற்றினாள். அன்றிலிருந்து அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் போகவில்லை. சண்டை போடுவதைவிட இருட்டில் ஓட்டுவது எளிது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த மாதிரி எண்ணி எத்தனையோ பெண்கள் எத்தனையோ இருட்டுக்குப் பழகிக்கொள்கிறார்கள்.

கருப்பண்ணன் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வேலை செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வந்து ஏழு வருடமாகிறது. பார்வையும் கொஞ்சம் மங்கியிருந்தது. சகாயராணி வீட்டுக்கு வரும் நேரத்தில் அவர் காட்டில் இருப்பார். அவர் மனைவி தீர்த்தம்மாளும் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மாத்திரை தீரும் வாரத்தில், வேலை முடிந்து கருப்பண்ணன் ஓடைப் பாலத்தருகே நிற்பார். சகாயராணி திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி மாத்திரையைக் கொடுப்பாள். வண்டி நெருங்கும்போதே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். அவர் சாலையில் இறங்கத் தேவையே இருந்ததில்லை.

அந்த மாதம் மூன்று நாட்கள் நின்று பார்த்தார். மாத்தரம்மா வரவில்லை. உண்மையில் இரண்டு முறை அவள் அவரைக் கடந்து போயிருந்தாள். இருட்டாக ஒரு ஹெல்மெட் போவதை மட்டும் அவர் பார்த்தார். யாரோ என்று விட்டுவிட்டார். அவளும் பாலத்தருகே ஏதோ ஒரு உருவம் நிற்பதை மட்டும் பார்த்தாள். அவர் இன்னும் வரவில்லை, இது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அவரிடம் மாத்திரை சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. மேகம் கட்டி, ஐந்தரை மணிக்கே பொழுது மங்கிவிட்டது. தூறல் போட்டது. இன்று எந்த ஸ்கூட்டரையும் விடக்கூடாது என்று கருப்பண்ணன் முடிவு செய்துகொண்டார். வந்த வண்டிகளுக்கெல்லாம் கையைக் காட்டினார். யாரும் நிற்கவில்லை. அடுத்து வந்த வண்டியின் சத்தம் தெரிந்த சத்தமாக இருந்தது. இரண்டடி சாலைக்குள் இறங்கி, கையை நன்றாக நீட்டினார்.

அந்தத் தூறலிலும் சகாயராணி கண்ணாடியை இறக்கியே விட்டிருந்தாள். கருப்பு ஃபிலிமின் மேல் நீர்த்துளிகள். பையில் போன் அடித்தது. அரை மணிக்கு ஒருமுறை வரும் டேவிட்ராஜின் அழைப்புதான். அவள் எடுக்கவில்லை. கை ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது, கண் சாலையிலேயே இருந்தது. இருந்தும் அந்தக் கண்ணுக்குள் சாலை வரவில்லை. முன்னால் ஒரு கை தெரிந்தபோது அது மிக அருகில் இருந்தது.

விழுந்து எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள். ஓடையோரம் கருப்பண்ணன் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "மாத்தரம்மா, நீங்களா?" என்றார். வலியைவிட ஆச்சரியமே அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

அவளே 108-க்குச் சொன்னாள். ஆம்புலன்ஸில் அவரோடு அவளும் ஏறினாள். செய்தி கேட்டு டேவிட்ராஜ் வந்து சேர்ந்தபோது வண்டியும் ஹெல்மெட்டும் மட்டும் சாலையோரம் கிடந்தன. ஹெல்மெட்டை எடுத்தான். வைசரில் ஒரு கீறல்கூட இல்லை. தன் வேலை எவ்வளவு நன்றாக நின்றிருக்கிறது என்று ஒரு கணம் மனம் நினைத்தது. மறுகணம் அந்த நினைப்புக்கே வெட்கி, ஹெல்மெட்டை வண்டியில் கவிழ்த்து மாட்டி, இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

வண்டியையும் ஹெல்மெட்டையும் கொண்டுவரச் சொல்லி விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. டேவிட்ராஜ் நேராகக் கடைக்குப் போனான். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கினான். வைசர் மாற்றுவது ஒரு நிமிட வேலை. இருபக்கமும் இருக்கும் பூட்டை அழுத்தித் திருப்பினால் பழையது கழன்றுவிடும், புதியது மாட்டிக்கொள்ளும். தெளிவான கண்ணாடி ஒன்றை மாட்டினான். புதிது என்று தெரியாமலிருக்க மண் படிந்த துணியால் துடைத்தான். கருப்புக் கண்ணாடியைத் தகரக் கத்தரியால் நான்காக வெட்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த குப்பையில் போட்டான். அது உருகிக் காணாமல் போகும்வரை அங்கேயே நின்றான்.

'அவளைக் காப்பாத்தத்தான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது உண்மையல்ல என்று சொல்லும்போதே தெரிந்தது. யார் ஒட்டியது, ஏன் ஒட்டியது என்ற இரண்டு கேள்விகளிலிருந்து அவன் காப்பாற்றியது தன்னைத்தான்.

சப் இன்ஸ்பெக்டர் எழிலரசி ஹெல்மெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எப்படிம்மா ஆளு நிக்கறது தெரியாமப் போச்சு?"

சகாயராணி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். சுவரில் மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவனால் பிறகும் சொல்ல முடியவில்லை.

"மேகமா இருந்துச்சுங்க" என்றாள்.

"போன் பேசிட்டு வந்தீங்களா? விழுந்தப்பவும் போன் அடிச்சிட்டு இருந்துச்சுன்னு கருப்பண்ணன் சொன்னாரே."

"வந்துச்சுங்க. எடுக்கல."

"எடுக்கலேன்னாலும் யாருன்னு பாத்திருப்பீங்க. அந்த ரெண்டு செகண்டு போதும்மா."

சகாயராணி இந்த முறை கணவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அழைப்பு யாருடையது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல டேவிட்ராஜுக்கும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மகனோடு பேசினாள். பக்கத்து வீட்டு ராஜமேரி அக்காவோடு பேசினாள். அவனுக்குச் சோறு வைத்தாள், துணி மடித்து வைத்தாள். கோபம் காட்டியிருந்தால் அவன் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பான். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சகாயராணிக்குச் சொல்லிவிட்டார்கள். மாத்திரைப் பை வேறொருவர் கைக்குப் போனது. அவள் தினமும் காலையில் கருப்பண்ணனுக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பேருந்தில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஊரில் கதை வளர்ந்தது. போன் பேசிக்கொண்டே வந்தாள் என்றார்கள். பிறகு, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள் என்றார்கள். அதற்கும் பிறகு, யாரோடு பேசினாள் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எந்தப் பேச்சு வரக்கூடாது என்று டேவிட்ராஜ் அவள் முகத்தை மூடினானோ அதே பேச்சு, நூறு மடங்காக, அவன் கடை வாசலிலேயே நடந்தது. ஒரு வார்த்தையில் அதை நிறுத்தக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவன் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். தட்டியின் மறுபக்கம் இருந்த பங்குத்தந்தையிடம், "ஒரு பொய் சொல்லிட்டேன் சாமி" என்றான். அவர் ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அந்தப் பாவத்தின் மேலும் ஒரு ஃபிலிமை ஒட்டித்தான் உள்ளே கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியாமல், யாருக்கும் முகம் காட்டாமல் சொன்ன உண்மையால் யாருக்கு என்ன பயன்? திரும்ப உள்ளே போகவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை. கோயில் வளாகத்தில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தான்.

பதினோராம் நாள் கருப்பண்ணனின் கால் போய்விட்டது. சர்க்கரை உடம்பு என்பதால் காயத்தில் சீழ் பிடித்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சகாயராணி அதை ராஜமேரியிடம் சொல்லி அழுவதை டேவிட்ராஜ் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான்.

மறுநாள் மாலை மேகம் கட்டியிருந்தது. கடைக்குச் சின்னராஜ் வந்தார். கையில் ரோஸ் நிற ஹெல்மெட்.

"டேவிட்டு, நம்ம பொண்ணு ஜாஸ்மினுது. காலேஜுக்கு வண்டி வாங்கிக் குடுத்தேன் இல்ல? இதுக்கு நல்லாக் கருப்பா ஒட்டிக் குடு. உள்ள யாருன்னே தெரியக்கூடாது."

"எதுக்கு மாமா?"

"எதுக்குன்னு நீ கேக்கற?" சின்னராஜ் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காத. உங்க வூட்டுல நடந்தத கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே புடிக்கல. பொட்டப் புள்ளைங்க வண்டி எடுத்துட்டா எங்க போவுது, எவங்கூடப் பேசுது, நமக்கு என்னா தெரியுது? மூடியாவது வெப்போம்."

டேவிட்ராஜ் ஹெல்மெட்டை வாங்கினான். கை பழக்கத்தில் வைசரைக் கழற்றியது, சோப்புத் தண்ணீர் பாட்டிலைத் தேடியது. பிறகு நின்றது. ஏற்கெனவே ஃபிலிம் ஒட்டி, விற்பனைக்கு மாட்டி வைத்திருந்த ஒரு ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்தான். தலையில் போட்டான். கண்ணாடியை இறக்கினான். கடை வாசலுக்கு வந்து நின்றான்.

மணி ஐந்தரைதான் இருக்கும். பேருந்து நிலையம் பூராவும் ஆட்கள் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் கண்ணுக்கு அங்கே நிழல்கள்தான் நகர்ந்தன. ஒரு நிழல் குனிந்தது, ஒன்று நிமிர்ந்தது. பேருந்தின் விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற சின்னராஜுக்கு முகமே இல்லை. ஆள் என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக இதைத்தான் விற்றிருக்கிறேன் என்று நினைத்தான். எத்தனை பேர் தலையில், எந்தெந்தச் சாலையில். இதற்குள் அடைத்துத்தான் அவளைத் தினமும் முப்பது கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறேன். தெரியவில்லை என்று அவள் சொன்னபோது மெதுவாகப் போ என்றிருக்கிறேன்.

"என்னா மாப்ள, மாட்டிட்டு நிக்கற?"

டேவிட்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வேர்த்திருந்தது.

"மாமா, அவ போன் பேசல."

"அது சரிதான், நாம அப்படித்தான் சொல்லணும்..."

"அவ பேசல. போன் பண்ணினது நான். அவ எடுக்கல. அவ ஹெல்மெட்டுல கருப்பு ஒட்டினதும் நான். நீங்க வந்து சினிமா நடிகைன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு மறுநாள் ஒட்டினேன். கேஸ் ஆனதும் யாருக்கும் தெரியாம கண்ணாடிய மாத்திட்டேன்."

சின்னராஜ் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுப்பா அது" என்றார்.

"நான் வெளையாட்டா எடுத்துக்கல."

ரோஸ் நிற ஹெல்மெட்டில் பழைய கண்ணாடியையே திரும்ப மாட்டி அவர் கையில் கொடுத்தான். "இப்படியே போட்டுட்டுப் போகட்டும் மாமா. புள்ளைக்கு ரோடு தெரியட்டும்."

மறுநாள் காலை தர்மபுரிக்குப் போகும் பேருந்தில் சகாயராணி முன்பக்கம் ஏறினாள். டேவிட்ராஜ் பின்பக்கம் ஏறினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வருகிறான் என்று அவளுக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை.

கால் போய்விட்டதால் மறுபடி வாக்குமூலம் வாங்க எழிலரசி வந்திருந்தார். கட்டிலில் கருப்பண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது.

"எத்தன தடவ கேட்டாலும் அதேதாங்க. நாந்தான் ரோட்டுல எறங்குனேன். அந்தம்மா மேல தப்பில்லீங்க" என்றார்.

"நீ வாய மூடு" என்றாள் தீர்த்தம்மாள். "காலு போனது உனக்கு. நாளைக்கு எந்தக் காட்டுல எறங்கி நீ கெழங்கு புடுங்குவ? அவங்களுக்குப் பரிஞ்சு பேச வந்துட்ட." பிறகு சகாயராணியின் பக்கம் திரும்பினாள். "போனப் பாத்துட்டு வந்து ஏத்திட்டு, தெனம் ஒரு தூக்குல கஞ்சி கொண்டாந்தா ஆயிப்போச்சா?"

சகாயராணி கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். தலை நிமிரவில்லை.

"மேடம்" என்று டேவிட்ராஜ் முன்னால் வந்தான். "நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நீங்க பாத்த கண்ணாடி அது இல்லீங்க."

எழிலரசி நிமிர்ந்தார்.

"அவ போட்டிருந்தது கருப்பு ஒட்டின கண்ணாடி. நான்தான் ஒட்டினேன். சாயங்காலத்துல தெரியலேன்னு அவ சொன்னா. நான் கேக்கல. கேஸ் ஆனதும் அத மாத்திட்டு வேற மாட்டிக் கொண்டாந்தேன். அந்த நேரத்துல போன் பண்ணினதும் நான்தான். நம்பரப் பாருங்க."

"அந்தக் கண்ணாடி எங்க?"

"வெட்டி எரிச்சிட்டேங்க."

"ஆதாரத்த அழிச்சா என்னா கேஸு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. எதுவோ போடுங்க."

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழிலரசி எழுதத் தொடங்கினார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வெயில் கூசுதுன்னு ஒட்டிக் குடுத்தீங்க. அப்படித்தானே? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். குற்றம் அறியாமையாகிவிடும். மனைவிமேல் அக்கறை உள்ளவன் என்றுகூட எழுதப்பட்டுவிடும். எழிலரசியின் பேனா அடுத்த வரியின் தொடக்கத்தில் காத்திருந்தது. சகாயராணி முதல் முறையாகத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"இல்லீங்க மேடம்" என்றான். "வெயிலுக்கு இல்ல. இவ மொகத்த நாலு ஆம்பளைங்க பாக்கறாங்கன்னு ஒட்டினேன். சந்தேகத்துலன்னே எழுதிக்கங்க."

எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டு ஓய்ந்தது. தீர்த்தம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சகாயராணியையே பார்த்தாள்.

"ஏம்மா, பன்னண்டு நாளா வாய்க்கு வந்ததெல்லாம் பேசறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"என்னாங்கக்கா சொல்றது?" என்றாள் சகாயராணி. "ஒட்டினது இவுரு. தெரியலேன்னு தெரிஞ்சும் சண்டைக்குப் பயந்து அத மாட்டிட்டு ஓட்டினது நான். அண்ணன் காலுக்கு நானும்தான் பதில் சொல்லணும்."

பிறகு கணவனின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு நாட்களுக்குப் பின் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. குரலில் கோபம் இல்லை. நெடுநேரம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவளின் நிதானம் இருந்தது.

"என்னய யாரும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சீங்க. அதுல பாக்க முடியாமப் போனவ நான். ரோட்டுல கால எடுத்து வெக்கற ஒவ்வொருத்தரும், எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு தெரியும்னு நம்பித்தான் வெக்கறாங்க. வெயிலுக்கோ அழகுக்கோ சந்தேகத்துக்கோ, எதுக்காகவும் அந்தக் கண்ண மறைக்க உங்களுக்கும் உரிமை இல்ல. மறைச்சுக்கிட்டு வண்டி ஓட்ட எனக்கும் உரிமை இல்ல."